நெகடிவ்களுக்கு ஒரு குளிர் அறை: சேலம் புகைப்பட அருங்காட்சியகத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஓய்வுபெற்ற ஸ்டுடியோ உரிமையாளர் ஒருவர் தம் வீட்டின் முன்பகுதியில் நடத்திவரும் சிறிய புகைப்பட அருங்காட்சியகத்தைத் தங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க வேண்டுகிறோம்; கட்டணம் கிடையாது. துருத்தி வைத்த மரக் கேமராவின் பின்னால் நின்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், எதிர்வீட்டுத் திண்ணையும் அதில் உட்கார்ந்திருப்பவரும் தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரிவார்கள். பள்ளிப் பிள்ளைகள் இதற்காகவே வரிசையில் நிற்கிறார்கள். பெரியவர்களோ, ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம் எடுத்த ஆக்ஃபா கிளிக் கேமராவையும், உதகையில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' ஃபிலிம் அட்டைப்பெட்டிகளையும் கண்டதும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆயினும் இவ்வேண்டுகோள் கேமராக்களுக்காக அன்று. துடைத்து உலர்வாக வைத்தால் அவை இன்னும் பல்லாண்டு இருக்கும். உள்ளறை பீரோக்களில் உள்ள, படங்களை அச்சிட்டெடுக்கும் மூல ஃபிலிம்களான நெகடிவ்களுக்குத்தான் அவசரம். திருமணம், மஞ்சள் நீராட்டு, பள்ளி குரூப் போட்டோ, கடைத் திறப்பு, இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி உறவினர் சூழ எடுத்த படம் என, இந்நகரக் குடும்பங்கள் பலவற்றின் நாளும் பொழுதும் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு மணப்பெண்ணின் நெகடிவை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், கன்னத்தில் கூர்சீவிய பென்சிலால் இட்ட நுண்ணிய கோடுகள் தெரியும். அம்மைத் தழும்பை மறைக்கச் செய்த 'டச்சிங்' வேலை அது. வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தில் தழும்பு இருக்காது. நெகடிவில் தழும்பும் இருக்கிறது, அதை மறைத்தவரின் கைவேலையும் இருக்கிறது.

சில பெட்டிகளைத் திறந்தால் இப்போது வினிகர் நெடி அடிக்கிறது. பழைய ஃபிலிமின் அடித்தளமான அசிடேட், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துவதோடு, அருகிலுள்ள நல்ல ஃபிலிமையும் தொற்றுகிறது. முடிவில் ஃபிலிம் சுருங்கி, மேலிருக்கும் படப்பூச்சு மடிப்பு மடிப்பாக எழும்பிவிடும். சேலத்தின் கோடை இதற்கு எவ்வளவு துணைபோகும் என்பதை இவ்வூரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குளிர்ச்சிதான் தேவை என்றால் எல்லாவற்றையும் ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்விடலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். நல்ல யோசனைதான். ஆனால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் குளிர்ச்சியோடு மூடுபனியும் சேர்ந்தே வருகிறது. படப்பூச்சில் உள்ள ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல உணவு என்பதால், ஈரக்காற்றில் நெகடிவ் கெடும். குளிர்ச்சியும் வறட்சியும் ஒருங்கே வேண்டுமாகையால், இப்போதைய கட்டிடத்திலேயே வெப்பம் புகாத ஒரு சிறு அறையைத் தடுத்து, குளிர்சாதனமும் ஈரம் உறிஞ்சும் கருவியும் பொருத்துவதென முடிவு செய்துள்ளோம். அமிலமற்ற காகித உறைகள், ஒரு நல்ல ஸ்கேனர், முதலாண்டு மின்கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்து மொத்த மதிப்பீடு ரூ. 6,50,000. குழுவினர் தமக்குள் திரட்டிய ரூ. 1,80,000 போக, மீதம் ரூ. 4,70,000 தேவைப்படுகிறது. இவ்வறை சிதைவை மட்டுப்படுத்துமேயன்றி, சிதைந்ததைச் சீராக்காது; ஆகவே நெடி அடிக்கும் பெட்டிகளைத் தனியே பிரித்து அவற்றையே முதலில் ஸ்கேன் செய்வோம்.

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்பெற்ற ஊர் இது. கறுப்பு வெள்ளை நெகடிவில் உருவமாகத் தெரிவதும் வெள்ளித் துகள்களே. அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே, மூடப்பட்ட ஸ்டுடியோக்களின் நெகடிவ்கள் எடைக்குப் போய்விடுகின்றன. ஏற்காடு அடிவாரச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட ஸ்டுடியோ இருந்த இடத்தில் அதன் முகப்பு வளைவு மட்டும் எஞ்சியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். இந்த பீரோக்களும் காலியானால் முகப்பு வளைவு அளவுக்குக்கூட ஒன்றும் எஞ்சாது.

தங்களால் இயன்ற தொகையை மனமுவந்து நல்க வேண்டுகிறோம். அருங்காட்சியகத்தில் நேரில் செலுத்துவோருக்கு உடனே ரசீது தரப்படும். வரவு செலவுக் கணக்கை எந்த ஞாயிறும் பார்வையிடலாம். குழுவுக்கு 80ஜி சான்று இல்லாததால் வருமான வரிச் சலுகை கோர இயலாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம். குடும்பப் படங்கள் எவையும் உரியவர்களின் இசைவின்றிக் காட்சிக்கு வைக்கப்பட மாட்டா. பணமாக அன்றிப் பழைய நெகடிவ்களாகத் தர விரும்புவோரும் வரலாம். பிளாஸ்டிக் உறைக்குள் அமில ஆவி அடைபட்டுவிடும் என்பதால், தயவுசெய்து அவற்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவரவும்.

இவண்,
அருங்காட்சியகப் பராமரிப்புக் குழுவினர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.