லடாக் பனிச்சுவருக்கு இரண்டு நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உறைந்து நிற்கும் அருவிகளில் நண்பர்கள் கூட்டாகச் சென்று ஏறும் வார இறுதிப் பயணத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை எங்கள் சூரியநெல்லிப் பகுதியில் பலரும் படித்தோம். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் வெள்ளி இரவு கொச்சியில் விமானம் ஏறி, டெல்லி வழியாகச் சனி காலை லடாக்கின் லே நகரில் இறங்கி, மறுநாள் உறைந்த அருவியின் பனிச்சுவர் ஏறிவிட்டுத் திங்களன்று வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று அதில் தரப்பட்டிருந்த பயணத் திட்டம் ஆபத்தானது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான எங்கள் ஆனைமுடியின் உயரமே 2,695 மீட்டர்தான். கொழுக்குமலை போன்ற சில இடங்கள் நீங்கலாக, இங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் 2,000 மீட்டருக்குக் கீழேயே இருக்கின்றன. ஆகவே, 'மலையிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு என்ன ஆகிவிடும்' என்று எங்கள் பிள்ளைகள் பேசிக்கொள்வதில் பொருளில்லை. (கொழுந்துச் சுமையோடு இவர்கள் ஏறும் சரிவில் வெளியூர்க்காரர்களுக்கு மூச்சு வாங்குவது உண்மைதான், அது கால் பழக்கமே தவிர, காற்றழுத்தம் குறைந்த இடத்தில் உடல் பழகியதற்கு அடையாளம் ஆகாது.) விமானத்தில் வந்து இறங்குவோர் முதல் இரண்டு நாட்களாவது ஓய்வெடுக்க வேண்டும் என்று லடாக் நிர்வாகமே அறிவுறுத்துகிறது. அந்த ஓய்வுக்கே சனியும் ஞாயிறும் போய்விடும். உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலைநோயின் தலைவலியும் குமட்டலும் இறங்கிய உடனே தெரிவதில்லை. பல மணி நேரம் கழித்தே தொடங்குகின்றன என்பதால், சனி காலை உற்சாகமாக இருந்தவர் அன்றிரவே படுத்துவிடக்கூடும். அதைப் பொருட்படுத்தாமல் மேலும் உயரம் ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். உடனே கீழே இறக்குவதுதான் முதல் மருத்துவம்.

பனிச்சுவரின் இயல்பைப் பற்றியும் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மார்கழி, தை மாதங்களில் மூணாறைச் சுற்றியுள்ள செண்டுவாரை போன்ற இடங்களில் உறைபனி விழுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: இரவெல்லாம் செடியின் மேல் வெள்ளையாகப் படிந்து கிடக்கும் பனியின் கேடு, வெயில் ஏறிய பிறகு இலை கருகும்போதுதான் வெளிப்படும். உறைந்த அருவியிலும் வெயிலைக் கவனித்தே ஆக வேண்டும். கடுங்குளிரில் பனிக்கட்டி கண்ணாடிபோல நொறுங்கும். வெயில் பட்டதும் இளகி, கயிற்றை மாட்டுவதற்காக அதில் திருகி இறக்கிய ஐஸ் ஸ்குரூ என்ற திருகாணியின் பிடி தளரும். பனிக்கோடரியால் கொத்தும்போது தட்டுத் தட்டாகப் பெயரும் கட்டிகள் நேரே கீழேதான் விழும். அதனால்தான் ஏறுபவர் தவறினால் தாங்குவதற்காகக் கீழிருந்து கயிறு பிடிப்பவர் அவருக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும். தாங்கள் வெளியிட்ட பெரிய படத்திலோ, கயிறு பிடித்திருக்கும் இளைஞர் நேர் கீழே, தலைக்கவசத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒரு கையில் கைப்பேசியுடன் நிற்கிறார்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், போடிக்கு மேலே உள்ள குரங்கணியில், வார இறுதி மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகளைக் கொண்டு வந்தது. 2024-இல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் வழிகாட்டியோடுதான் அனுப்புகிறார்கள். உள்ளூர் மலைக்கே இத்தனை ஏற்பாடு தேவைப்படும்போது, பனியை அறியாதவர்களைப் பனிச்சுவருக்கு அனுப்பும் பயண ஏற்பாட்டாளர்களின் விளம்பர வாசகத்தை அப்படியே செய்தியாக்குவது முறையல்ல.

ஆசை இருப்பவர்களைத் தடுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. 1954-இல் தொடங்கப்பட்ட டார்ஜிலிங் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனமும், 1965-இல் தொடங்கப்பட்ட உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் ஏறக்குறைய நான்கு வாரம் நடத்தும் அடிப்படைப் பயிற்சியில் பாறை, பனி இரண்டையும் முறையாகக் கற்றுக்கொள்ளலாம். கட்டணமும் விண்ணப்பிக்கும் முறையும் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அடுத்த பனிக்காலத்துக்கான முன்பதிவுகள் தொடங்குவதற்கு முன், அந்த விவரங்களையும், ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவற்றையும் (பயிற்றுநர் எங்கே பயின்றவர், உயரத்துக்குப் பழக எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆக்சிஜன் சிலிண்டரும் கீழே இறக்க வண்டியும் தயாராக இருக்குமா, காப்பீடு சாகச விளையாட்டுக்குச் செல்லுமா) அதே இணைப்பில், அதே அளவு இடத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சூரியநெல்லி, இடுக்கி மாவட்டம்.