முட்டுவலிக்கு ஓய்வு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ‘நலம்’ இணைப்பிதழில் வந்த மூட்டுத் தேய்மானக் கட்டுரையில் நல்ல விஷயங்கள் உண்டு. ஆனால் ‘தரையில் உட்காராதீர்கள், குத்துக்காலிடாதீர்கள், முடிந்தவரை ஓய்வெடுங்கள்’ என்று முடித்திருப்பது எங்கள் கடற்கரைக்கு ஒத்துவராது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே கருவாடு காயப்போடுவது, மீன் பிரிப்பது, வலை கட்டுவது எல்லாமே தரையில்தான். உட்காராதே என்றால் பிழைப்பை விடு என்றுதான் அர்த்தம்.

அதைக்கூட விட்டுவிடலாம், ஓய்வெடுக்கச் சொன்னதுதான் உறுத்துகிறது. “நடந்தா இன்னும் தேஞ்சுரும்” என்று கட்டிலோடு முடங்கிப் போனவர்கள் இங்கே ஏராளம். முழங்கால் என்ன வண்டி டயரா? எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீர்தான் அதற்குச் சாப்பாடு. காலை மடக்கி நீட்டி, பாரம் ஏறி இறங்கினால்தான் அந்த நீர் உள்ளே போய்வரும். அசையாமல் கிடந்தால் தொடைத் தசையும் இளைத்துப்போகும். அப்புறம் படி இறங்கும்போது பாரமெல்லாம் மூட்டின் தலையில்தான்.

கடல்பாசி எடுக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரில் கிடப்பார்கள். “கடல்ல நிக்கிற வரைக்கும் முட்டு இருக்கிறதே தெரியல நர்சம்மா, கரை ஏறுனாத்தான் உயிர் போகுது” என்பார்கள். இதில் மாயம் ஒன்றுமில்லை. இடுப்பளவுக்கு இறங்கி நின்றாலே உடல் பாரத்தில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். வலி உள்ளவர்கள் பாக் விரிகுடாப் பக்கம், நாங்கள் பெண் கடல் என்று சொல்லும் கரையில், அந்த ஆழத்தில் மெதுவாகக் கொஞ்ச நேரம் நடக்கலாம். துணைக்கு ஆள் வேண்டும். வாடைக்காற்று காலத்தில் மட்டும் அந்தக் கடலை நம்ப வேண்டாம். மணலுக்குள், முள்ளால் குத்தும் திருக்கை மீன் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்துப் போனால் விலகிவிடும்.

கரையில் நடப்பதென்றால் அலை நனைத்த கெட்டி மணல்தான் சரி. காய்ந்த மணலில் கால் புதையப் புதைய முட்டு திருகிக்கொள்ளும். கரை சரிவாக இருப்பதால் போன வழியிலேயே திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் ஒரே காலுக்குப் பாரம் விழும்.

வலை கட்டுகிறவர்கள் குத்துக்காலிடுவதற்குப் பதிலாக ஒரு முக்காலி போட்டுக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, தொப்பென்று போடாமல் மெல்ல இறக்க வேண்டும். இறக்கும்போதும் தசைக்கு வேலை இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதில் பிரயோசனம் இல்லை. மூச்சை அடக்காமல், முகம் சுளிக்காமல் முடிகிற அளவே அளவு. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு விட வேண்டியதில்லை. ஆனால் முட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, கூடவே காய்ச்சல் அடித்தாலோ, மடக்கிய கால் பூட்டிக்கொண்டாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வீடு தேடி வந்து வைத்தியம் பார்க்கும், 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) உண்டு. வீட்டோடு கிடப்பவர்களுக்கு அது பெரிய உதவி. இன்னும் நடமாடிக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் இந்தப் பயிற்சிகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கலாமே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் பிரிக்கும் பெண்களுக்கு அப்போதுதான் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த நாட்களில் இயன்முறை மருத்துவர் ஒருவர் மீன் இறங்குதளத்துக்கே வந்து காட்டிக்கொடுத்தால் எவ்வளவோ நல்லது.

நீங்களும் அடுத்த கட்டுரைக்கு நாற்காலியில் அமர்ந்திருப்பவர் படத்தைப் போடாமல், தரையில் உட்கார்ந்து வலை கட்டும் ஒருத்தியின் படத்தைப் போட்டு விளக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மண்டபம்.