பழைய வெளிச்சத்துக்கு ஏன் இத்தனை அவசரம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஈப்போ அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் திடலில் தொலைநோக்கியைச் சுற்றி நிற்கும் படம் உங்கள் இதழில் வந்ததல்லவா, அதைப் பார்த்துத்தான் அவருக்குக் கோபம். காமாக் கதிர் வெடிப்பு (நட்சத்திரம் நொறுங்கும்போதோ மோதும்போதோ பீறிடும் கடுங்கதிர்) நடந்தால் சில விநாடிகளில் உலகெங்கும் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பும் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்ததை இன்று பார்த்தால் என்ன, நாளைக்குப் பார்த்தால் என்ன, இதில் எதற்கு விநாடிக் கணக்கு என்று கேட்டிருந்தார். பிள்ளைகள் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து சோதனைக்குப் படிக்கலாமே என்றும் சொல்லியிருந்தார்.

கிண்டலாகக் கேட்டிருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. திடலில் விளக்கம் கொடுத்த ஆசிரியர் என் அக்கா மகன்தான். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். ஆனால் பதில் எழுதுவது அவனுக்காக இல்லை. நான் பேராக்கில் பல ஊர்களில் பொம்பாவில், அதாவது தீயணைப்புத் துறையில், வேலை செய்து ஓய்வு பெற்றவன். அவசரம் என்றால் என்ன, எதற்கு என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்தக் காலத்தில் தோட்டங்களில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடங்கள் தீப்பிடிப்பது உண்டு. நிலையத்தில் எங்கள் கால்சட்டையைப் பூட்ஸோடு சேர்த்தே மடித்து வைத்திருப்போம். மணி அடித்தால் காலை விட்டு இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். முதலில் போய் இறங்குகிறவன் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பதற்கு முன்பே ஒன்றைக் கவனிப்பான்: புகை கூரையின் எந்த மூலையிலிருந்து வருகிறது, கறுப்பா வெள்ளையா, சுவாலை கீழேயிருந்து ஏறுகிறதா மேலே மட்டும் இருக்கிறதா. ஒரு மணி நேரம் கழித்து வருகிறவனுக்குத் தெரிவது கருகிப்போன ஒரு குவியல்தான். மறுநாள் குறிப்புப் புத்தகத்தோடு வரும் அதிகாரி, "எங்கே ஆரம்பித்தது?" என்று எங்களைத்தான் கேட்பார். சாம்பல் அதற்குப் பதில் சொல்லாது.

வானத்திலும் இதே கதைதான். வெளிச்சம் கிளம்பியது என்றைக்கோ. ஆனால் அது நம்மைக் கடந்து போவது இன்றைக்கு, அதுவும் ஒரே ஒரு தடவை. வெடிப்பின் முதல் விநாடி, இரண்டாம் விநாடி, பத்தாம் நிமிடம் எல்லாம் வரிசையாக வந்து நம்மைத் தாண்டிப் போய்விடும். எவ்வளவு பழசாக இருந்தாலும், தவறவிட்ட விநாடி திரும்பி வராது.

1967 ஜூலை 2-இல் முதல் காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தவை வேலா என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள். அவை வானியலுக்காகப் போனவை அல்ல. யாராவது ஒப்பந்தத்தை மீறி அணுகுண்டுச் சோதனை செய்கிறார்களா என்று வேவு பார்க்கப் போனவை. சேதி வெளியே வந்தது 1973-இல். அதற்கப்புறமும் இது எங்கே வெடிக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நம் பால்வீதிக்குள்ளேயா, அதற்கு வெகு தூரத்துக்கு அப்பாலா என்று பெரிய பெரிய விஞ்ஞானிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். காரணம், ஆள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அணைந்துவிடும். 1997 பிப்ரவரி 28-இல்தான் பெப்போசாக்ஸ் என்ற செயற்கைக்கோள் இடத்தை ஓரளவு துல்லியமாகச் சொன்னது. ஒரு நாளுக்குள் லா பால்மா தீவிலிருந்த பெரிய தொலைநோக்கி அங்கே மங்கிக்கொண்டிருந்த பின்னொளியை, அதாவது வெடிப்புக்குப் பிறகு மிஞ்சும் வெளிச்சத்தை, பிடித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் இன்னொரு வெடிப்பின் தூரத்தை அளந்தார்கள். பால்வீதிக்கு வெகு தொலைவில் நடப்பவை இவை என்று உறுதியானது. முப்பது ஆண்டு வழக்கு, கொஞ்சம் சீக்கிரம் போனதால் தீர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 1999 ஜனவரி 23. அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் என்ற இடத்தில் நான்கு கேமரா லென்ஸ்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுப் படக்காரர்கள் வாங்க ஆசைப்படுவார்களே, அந்த மாதிரிக் கெனான் டெலி லென்ஸ்தான். ஆள் கிடையாது. அறிவிப்பு வந்ததும் தானாகத் திரும்பும். வெடிப்பு தொடங்கி 22 விநாடியில் முதல் படம் எடுத்துவிட்டது. அடுத்த படத்தில், அதாவது 47-ஆவது விநாடியில், வெளிச்சம் உச்சத்துக்குப் போய்விட்டது. சாதாரண பைனாகுலரில் தெரியும் அளவு! பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நூறு மடங்குக்கும் மேல் மங்கிப்போயிருந்தது. அந்த வெளிச்சம் 900 கோடி ஆண்டுக்கு மேல் பயணம் செய்து வந்தது. அன்பரே, அவ்வளவு தூரம் வந்ததை ஒரு கால் மணி நேரம் தாமதமாகப் பார்த்திருந்தால், அதன் உச்சம் அப்படியிருந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் 2004-இல் ஸ்விஃப்ட் செயற்கைக்கோளை அனுப்பினார்கள். அதன் மேல் தட்டில் 50,000-க்கும் அதிகமான சின்னச் சின்ன ஈயத் துண்டுகள் ஒழுங்கில்லாமல் பதித்திருக்கின்றன. காமாக் கதிர் அதில் பட்டுக் கீழே நிழல் விழும். நிழல் விழுந்த விதத்தை வைத்துக் கதிர் வந்த திசையைக் கணினி கணக்குப் போட்டுவிடும். ஒரு நிமிடம் போல ஆவதற்குள் செயற்கைக்கோளே தன் மற்ற தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். அதற்கிடையிலேயே பூமிக்குச் சேதி வந்து, பதிவு செய்துள்ள எல்லாருக்கும் போய்விடும். பெரிய தொலைநோக்கியில் முறை வாங்கிக் காத்திருந்து வேலை பார்க்கும் ஆள்கூட எழுந்து வழிவிட வேண்டும். எங்கள் வண்டிக்குச் சாலையில் வழிவிடாத சில பெருமக்கள் இதைக் கவனிக்கலாம்.

அந்தச் சேதி எப்படி இருக்கும் என்று திடலில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சாயங்காலம் மழை பெய்து விட்டிருந்தது. புல் ஈரம், கொசு வேறு. சுண்ணாம்புக் குன்றுக்கு மேலே வானம் ஓரளவு வெளுத்திருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று சனிக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகனின் கைத்தொலைபேசி டிங் என்றது. எடுத்துக் காட்டினான். படம் இல்லை, ஒன்றுமில்லை, வெறும் எண்கள். எத்தனை மணிக்கு வெடித்தது, வானத்தில் எந்த இடம், அந்தக் கணக்கு எவ்வளவு பிசகலாம், அவ்வளவுதான். அந்த இடம் அப்போது நமக்குத் தொடுவானத்துக்குக் கீழே இருந்தது. "நமக்கு இல்லை, வேறு நாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள்" என்றான். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "சார், நாளைக்குப் பார்த்தா தெரியாதா?" என்று கேட்டாள். ஈப்போ அன்பரின் அதே கேள்விதான். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

மறுநாள் காலை தேநீர்க் கடையில் மருமகன் மிச்சத்தைக் காட்டினான். இரவெல்லாம் அந்த ஒரு வெடிப்பைப் பற்றிக் குறிப்புகள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. பாதிப் பேர் எழுதியது, "பார்த்தோம், இத்தனை மங்கல் வரை தேடினோம், ஒன்றும் தெரியவில்லை" என்பதுதான். தெரியவில்லை என்பதையும் நேரம் போட்டு எழுதி எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். பொம்பாவிலும் வீண் அழைப்புக்குப் போய்த் திரும்பினால் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும். எங்களில் பலருக்கு அது கசக்கும். இவர்கள் எழுதுவதைப் பார்த்தபோது எனக்கு மரியாதை கூடியது.

சரி, முதல் நிமிடங்களில் அப்படி என்னதான் கிடைக்கிறது? பெரிய நட்சத்திரம் ஒன்று உள்ளே நொறுங்கும்போது, அதன் பொருள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் இரண்டு பக்கமும் பீறிட்டுப் பாய்கிறது. அதை எது அப்படிக் கட்டிப்பிடித்துக் குறுகலாக அனுப்புகிறது என்பது கேள்வி. காந்தப் புலமாக இருந்தால், ஒளியின் அதிர்வு ஒரே திசைக்குச் சாய்ந்திருக்க வேண்டும். 2012 மார்ச் 8-இல் ஒரு வெடிப்பை லா பால்மாவிலுள்ள லிவர்பூல் தொலைநோக்கி, ஆள் தொடாமலே, நான்கு நிமிடத்தில் அளந்தது. ஒரே திசைக்குச் சாய்ந்திருந்த ஒளி 28 விழுக்காடு. அடுத்த பத்து நிமிடத்தில் 16-க்கு இறங்கிவிட்டது. மறுநாள் போயிருந்தால் எந்த மூலையில் தீப்பிடித்தது என்ற கேள்விக்கு இங்கேயும் சாம்பல்தான் பதில்.

தங்கக் கதையும் உண்டு. 2017 ஆகஸ்டு 17, நம் மலேசிய நேரம் இரவு 8.41. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (செத்த நட்சத்திரங்களின் அடர்ந்த மிச்சம்) மோதியதால் கிளம்பிய ஈர்ப்பு அலை வந்து சேர்ந்து, 1.7 விநாடி கழித்துச் சின்னதாக ஒரு காமாக் கதிர் வெடிப்பு. சிலியில் இருட்டும் வரை காத்திருந்து, ஏறத்தாழ 11 மணி நேரத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒன்று இடத்தைக் கண்டுபிடித்தது. முதலில் நீலமாக இருந்த ஒளி சில நாள்களிலேயே சிவந்துவிட்டது. நிறம் அப்படி மாறிய விதத்திலிருந்துதான் கனமான தனிமங்கள் அங்கே உருவாகின்றன என்று தெரிந்துகொண்டார்கள். தங்கமும் அந்த வகையில் சேர்ந்ததுதான். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி தாலியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார், விலை ஏறுவதற்கும் இதுதான் காரணமா என்று கேட்டார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடப்பது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன சம்பந்தம் என்று அன்பர் கேட்கக்கூடும். 2022 அக்டோபர் 9-ஐ நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, நபிகள் பிறந்தநாளான மவுலிதுர் ரசூல், பௌர்ணமி இரவு. மணி 9.17. இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமான காமாக் கதிர் வெடிப்பு அப்போதுதான் வந்து சேர்ந்தது. பத்தாயிரம் ஆண்டுக்கு ஒன்று என்று மதிப்பிடுகிறார்கள். அது அமெரிக்க வானில் இல்லை. நம் தலைக்கு மேல், கொஞ்சம் மேற்கே சாய்ந்த இடத்தில்! வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள மின்னூட்ட அடுக்கே அதிர்ந்தது. (பூமியை அழிக்கும் கதிர் என்று வாட்ஸ்அப் புலனத்தில் சுற்றுகிறதே, அவர்களுக்குச் சொல்கிறேன்: 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலிருந்து வந்த அது தாண்டிப் போனபோது, நம்மில் ஒருவருக்கும் தலைவலிகூட வரவில்லை.) வெடித்த நேரத்தில் ஸ்விஃப்ட் செயற்கைக்கோளுக்குப் பூமியே குறுக்கே நின்றது. நம் நேரம் பத்து மணிக்கு மேல்தான் அது பின்னொளியைக் கண்டது. முதலில் நம் பால்வீதியில் உள்ள ஏதோ ஒன்று என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பிற்பகலில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, அப்புறம் எல்லார் வாயிலும் தேர்தல்தான். வானத்தில் என்ன நடந்தது என்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் நான் படித்த ஞாபகம் இல்லை.

வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றும் வந்திருக்கிறது. 2008 மார்ச் 19, சுவாதி நட்சத்திரம் இருக்கும் அதே மண்டலத்தில், 750 கோடி ஆண்டுப் பயணத்துக்குப் பிறகு, அரை நிமிடம் போலக் கண்ணுக்கெட்டும் பிரகாசத்தில் இருந்தது. சூரியனும் பூமியும் உண்டாவதற்கு முன்பே கிளம்பிய வெளிச்சம். அரை மணி நேரத்துக்கு முன் அதே பக்கத்தில் இன்னொன்று வெடித்திருந்ததால், சிலியிலிருந்த போலந்துக்காரர்களின் கேமரா ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது. நமக்கு அப்போது மதியம் 2.12. கொளுத்தும் வெயில் நேரம். வேறு மணிக்கு வந்திருந்தால் இங்கே ரப்பர் பால் வெட்ட விடியற்காலையில் போகிறவர்கள்கூட நிமிர்ந்திருந்தால் பார்த்திருக்கலாம்.

நாடு நாடாகக் கண் வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். ஒரு இடத்தில் பகல், ஒரு இடத்தில் மழை, ஒரு இடத்தில் வெடித்த பக்கமே தொடுவானத்துக்குக் கீழே. 2024-இல் சீனாவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய எஸ்விஓஎம் செயற்கைக்கோள், சேதியை உடனே இறக்குவதற்காக வெப்பமண்டல நாடுகளின் வட்டாரத்தில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டெனாக்களைப் பரப்பி வைத்திருக்கிறது. இமயத்தில் ஹான்லேயில் இந்தியர்கள் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். நமக்கும் லங்காவியில் தேசிய வானாய்வகம் இருக்கிறது. அதில் ஒரு நாள் வேலைக்குப் போகப் போகிறவர் எந்தத் திடலில் நின்றுகொண்டிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? சோதனைக்கு மற்ற நாள்களில் படிக்கட்டும்.

ஈப்போ அன்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். பள்ளி விடுமுறை முடிந்து அடுத்த வான்காட்சி நடக்கும்போது குடும்பத்தோடு வாருங்கள். கொசுவத்தி எங்கள் பொறுப்பு. திடலைச் சுற்றியுள்ள பெரிய விளக்குகளை அந்த இரண்டு மணி நேரம் அணைத்துத் தரும்படி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், அதில் நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டால் நல்லது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் ஐயா. ராசிபலன் போடும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போதும். இப்படி ஒரு பெரிய வெடிப்பு நடந்தால், அது நம் நேரப்படி எத்தனை மணி, நம் வானில் எந்தப் பக்கம் என்ற இரண்டையும் தயவுசெய்து போட்டுவிடுங்கள். மறுநாள் தேர்தல் அறிவித்தாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொம்பாக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்.