கல்யாண மணியோடு முடியாத படம்

எங்கள் திரைப்படக் கழகத்தின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். இசைப் படங்களுக்கென நீங்கள் ஒதுக்கிய வாரத்துக்கு ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தைப் பரிந்துரைத்திருந்தேன். கன்னியர் மடத்திலிருந்து ஏழு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மரியா, அவர்களின் தந்தையான ஆஸ்திரியக் கேப்டன் டிராப்பை மணந்து, ஹிட்லரின் நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பும் கதை; மேடை இசை நாடகத்திலிருந்து படமானது. “விமர்சகர்கள் மதிக்காத படம், குழந்தைகளுக்கான இனிப்பு” என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இரண்டு நிமிடத்தில் தள்ளிவிடக்கூடிய படமாக எனக்கு அது படவில்லை. அதனால்தான் உறுப்பினர் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

விமர்சகர்கள் மதிக்கவில்லை என்பது பெருமளவு உண்மைதான். 1965 மார்ச்சில் நியூயார்க்கில் படம் வெளியானபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பாஸ்லி க்ரௌதர் அதன் அசட்டு உருக்கத்தைச் சாடினார். ஜூடித் கிறிஸ்ட்டும் விட்டுவைக்கவில்லை. சர்க்கரை பூசிய பொய், ஜனங்கள் அதைத்தான் தின்ன விரும்புகிறார்கள் என்ற பொருள்பட ‘மெக்கால்ஸ்’ இதழில் எழுதினார் பாலின் கேல். கேலின் எழுத்தை நான் மதித்துப் படிப்பவள். இங்கே சிரி, இங்கே அழு என்று ஒரு படம் நம் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் கோபம் வரத்தான் வேண்டும். அந்தக் கோபம் நேர்மையானது.

ஜனங்களோ வேறு பக்கம் போனார்கள். அடுத்த ஆண்டே, அதுவரை வசூலில் முதலிடத்தில் இருந்த ‘கான் வித் த விண்ட்’ படத்தை இது தாண்டியது. சிறந்த படம், சிறந்த இயக்கம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகள். கூட்டம் வந்ததாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது, அதை நான் வாதமாக வைக்கவில்லை. அந்த ஜனங்கள் திரையில் எதைப் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஜெர்மனியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ம்யூனிக்கில் படத்தைத் திரையிட்டபோது, படத்தைத் தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனத்தின் அங்குள்ள நிர்வாகி மரியாவின் கல்யாணத்தோடு படத்தை வெட்டிவிட்டார். நாஜிகள் வரும் கடைசிப் பகுதி முழுவதும் போயிற்று. விஷயம் தெரிந்ததும் ஸ்டூடியோ தலையிட்டு வெட்டியதைச் சேர்க்கச் சொன்னது, அவர் வேலையும் போயிற்று. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு காதல் கதை, ஏழு குழந்தைகள், நல்ல பாட்டுகள், சுபம். இதை இனிப்பு என்று ஒதுக்குகிறவர்களும் மனசுக்குள் அதே இடத்தில்தான் கத்தரி வைக்கிறார்கள் என்பது என் எண்ணம். உங்கள் குறிப்பைப் படித்தபோதும் எனக்கு ம்யூனிக்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வெட்டு விழுந்த இடத்தைக் கவனியுங்கள். தேவாலயத்தில் கல்யாண மணிகள் கொட்டி முழங்குகின்றன. அந்த ஓசை தேய்ந்து ஒற்றை மணியாகிறது, திரையில் சால்ஸ்பர்க்கின் ரெசிடென்ஸ் சதுக்கம், ஸ்வஸ்திகா கொடி, நாஜிப் படையின் அணிவகுப்பு. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியதைச் சொல்ல வசனம் தேவைப்படவில்லை, ஒரு மணியோசை போதுமாக இருந்தது. இயக்குநர் ராபர்ட் வைஸ் ‘சிட்டிசன் கேன்’ படத்தைத் தொகுத்த கை.

ரால்ஃபையும் மறந்துவிடுகிறோம். தந்தி கொண்டுவரும் பையன், மழையில் கேப்டனின் மூத்த மகள் லீசலோடு பாடி ஆடுகிறவன். பிறகு மடத்துக் கல்லறையில் சீருடையும் துப்பாக்கியுமாக வந்து நிற்கிறான். மேடை நாடகத்தில் அவன் குடும்பத்தைக் கண்டும் காட்டிக்கொடுக்காமல் போகவிடுகிறான். படத்திலோ கூவி ஆட்களை அழைக்கிறான். திரைக்கதை எழுதிய எர்னஸ்ட் லேமன் இந்த இடத்தில் சர்க்கரையைக் கூட்டவில்லை, குறைத்தார்.

நான் இசை ஆசிரியை. அதனால் ‘எடல்வைஸ்’ பாட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல அனுமதியுங்கள். ஆஸ்திரிய நாட்டுப்புறப் பாட்டு என்று பலர் நம்பும் இது, இசையமைப்பாளர் ராட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைனும் நாடகத்துக்காக எழுதியது. 1960இல் காலமான ஹாமர்ஸ்டைனின் கடைசிப் பாடல். படத்தில் இது இரண்டு முறை வருகிறது. முதலில் வீட்டுக் கூடத்தில்: மனைவி இறந்தபின் வீட்டில் பாட்டையே நிறுத்திவிட்டிருந்த கேப்டன், பிள்ளைகள் கேட்கவும் கித்தாரை வாங்கித் தயங்கித் தயங்கிப் பாடுகிறார். மலையில் பூக்கும் ஒரு சின்ன வெள்ளைப் பூவைப் பற்றிய பாட்டு, அவ்வளவுதான். இரண்டாம் முறை இசைவிழா மேடையில், பாறையைக் குடைந்த ஃபெல்சன்ரைட்ஷூலே அரங்கில். முன்வரிசையில் நாஜி அதிகாரிகள். நாடு என்று ஒன்று இப்போது இல்லை. அதே பாட்டு, அதே மெட்டு, ஒரு சொல் கூட மாறவில்லை. தாய்நாட்டை வாழ்த்தும் வரி உள்ள அந்தப் பாட்டின் நடுவே அவருக்குத் தொண்டை அடைக்கிறது. மரியா வந்து எடுத்துக் கொடுக்கிறாள், பிள்ளைகள் சேர்கிறார்கள், பிறகு அரங்கமே பாடுகிறது. கேப்டனுக்குப் பின்னணி பாடிய குரல் பில் லீயுடையது. அடைத்த தொண்டையை முகத்தில் காட்டியவர், கேப்டனாக நடித்த கிறிஸ்டபர் பிளம்மர். பாடும் இடம் மாறினால் பாட்டின் பொருள் எப்படி மாறும் என்று மாணவிகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

குறைகளையும் மறைக்கவில்லை. நாடகத்தில் ‘நோ வே டு ஸ்டாப் இட்’ என்றொரு பாட்டு உண்டு. வருவதைத் தடுக்க முடியாது, வளைந்துகொடுத்துப் பிழை என்று நண்பர் மேக்ஸும், முதலில் மணப்பதாக இருந்த சீமாட்டியும் கேப்டனுக்குச் சொல்லும் பாட்டு. படத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அது பெரிய இழப்பு. அது இருந்திருந்தால் கேலின் குற்றச்சாட்டு பாதி வலுவிழந்திருக்கும்.

ஆஸ்திரியர்களின் மனக்குறையும் நியாயமானது. இந்தப் படத்துக்கு மூலமான டிராப் குடும்பத்தின் உண்மைக் கதையை 1956லேயே ஜெர்மன் மொழியில் படமாகப் பார்த்துவிட்டவர்கள் அவர்கள். உண்மையில் மரியாவின் கல்யாணம் நடந்தது 1927இல், நாஜிகள் வருவதற்குப் பதினோரு ஆண்டு முன்பு. குடும்பம் மலையேறித் தப்பவில்லை, ரயிலேறி இத்தாலிக்குப் போனது. சால்ஸ்பர்க்கிலிருந்து அந்தப் பக்கம் மலையைக் கடந்தால் போய்ச் சேருவது ஜெர்மனியில்தான்! தந்தையை அத்தனை கடுமையானவராகக் காட்டியதில் பிள்ளைகளுக்கே வருத்தம் இருந்தது. இவற்றையெல்லாம் திரையிட்டபின் நாம் பேச வேண்டும். பேசுவதற்குத்தானே கழகம்?

அடுத்த கூட்டத்தில் இதை மறுபடியும் எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். 174 நிமிடமும் முழுதாகப் போடுங்கள். மரியா யாரிடமும் சொல்லாமல் மாளிகையை விட்டு மடத்துக்குத் திரும்பும் அந்த அசல் இடத்திலேயே இடைவேளை விடுங்கள். மறுநாள் 1956 படத்தையும் சேர்த்துப் போட்டால் விவாதத்துக்கு வசதி. வசனங்களுக்குத் தமிழ்க் குறிப்பு எழுதித்தர நான் தயார், பாட்டுகளுக்கும் சேர்த்து.

நோட்டீஸில் மட்டும், புல்வெளியில் கைவிரித்து நிற்கும் மரியா வேண்டாம். அது எல்லோர் மனசிலும் ஏற்கெனவே இருக்கிறது. மேடையில் கித்தாரோடு தனியாக நிற்கும் கேப்டனின் படத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர்களில் ஒருத்தி