சாவி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது, சிஸ்டர்

எங்கள் பள்ளிக் குடும்பத்தார் எல்லாருக்கும்,

என் கணவர் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். நடந்ததைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நேற்றுக் காலை என் மகன் கேட்டருகே என் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினான். ஐந்து மாதத்தில் முதல் தடவை. நான் வெளியே நின்று அழுததைப் பார்த்து உங்களில் இரண்டு மூன்று பேர் பதறிப்போய் ஓடி வந்தீர்கள். அப்போது என்னால் பேச முடியவில்லை. ஏன் அழுதேன் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் சாவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவன் பள்ளிக்கு வர மறுத்த அந்த நாட்களில் தினமும் காலையில் வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் வலி நிஜம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பயம் வயிற்றில்தான் வந்து உட்காரும் என்று நம் பள்ளியின் சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட் வரை எப்படியோ வந்துவிடுவான். உள்ளேயிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டதும் என் கையை இறுகப் பிடித்துக்கொள்வான். தினமும் அவன் அப்பா கொண்டுவந்து விட்ட கேட் அது.

அப்படி நின்ற ஒரு காலையில் சிஸ்டர் எங்களிடம் வந்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. பெரிய பையன் அழலாமா என்றும் சொல்லவில்லை. குனிந்து அவனிடம் ஒரு சாவியைக் காட்டி, "சிற்றாலயக் கதவைத் திறக்கணும். பூட்டு இறுகிக் கிடக்குது, இன்னொரு கை வேணும். வர்றியா?" என்றார். அவன் என்னைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான், அப்புறம் போனான்.

மறுநாள் அந்தச் சாவியில் ஒரு நீல நாடாவைக் கட்டி அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். "இது உன்கிட்டயே இருக்கட்டும். மணி அடிக்கிறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி நாம போய்த் திறக்கலாம்" என்றார். உடனே இன்னொன்றும் சொன்னார்: "என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. உன்னால வர முடியாத அன்னைக்கு நான் திறந்துக்குவேன், நீ கவலைப்படாதே. வந்தா எனக்குச் சந்தோஷம்."

அந்த இரண்டாவது பேச்சை நான் பல இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்து வரவைக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் தான் வராவிட்டால் ஏதோ கெட்டுவிடும் என்ற பாரம் அவன் தலையில் ஏறிவிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் பாரம் ஏற்கெனவே அவன் தலையில் இருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாது.

காலையில் கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் கடைசி வரிசையில் ஐந்து நிமிடம் உட்காருவார்களாம். நாங்கள் கத்தோலிக்கர் அல்ல. அவனைச் செபிக்கச் சொன்னதே இல்லை. நற்கருணை அப்பத்தை வைத்திருக்கும் பேழையின் பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து, "அதை ஏன் அணைக்கவே மாட்டேங்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறான். "இங்கே ஒருத்தர் இருக்கார்ங்கறதுக்கு அடையாளம்பா. ராத்திரியிலயும் எரியும்" என்றாராம். அன்று வீட்டுக்கு வந்து, தன் அறையிலும் ஒரு விளக்கை அணைக்காமல் வைக்கச் சொன்னான். வைத்தேன்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். அந்தக் கடைசி வரிசையில்தான் அவன் வாய் திறந்தான். அப்பா இறந்த அன்று காலை அவரிடம் கோபித்துக்கொண்டு, "நீ எனக்கு வேண்டாம், போ" என்று சொல்லியிருக்கிறான். அதனால்தான் அப்பா போய்விட்டார் என்று ஏழு வாரமாகத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறான். பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டர் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. "நீ சொன்னதாலயோ நினைச்சதாலயோ இது நடக்கலை. கோபம் யாரையும் சாகடிக்காது" என்று நேராகச் சொல்லியிருக்கிறார். இதை அம்மாவிடம் சொல்லலாமா என்று அவனிடமே அனுமதி கேட்டிருக்கிறார். "நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றானாம். அன்று மாலை மூவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். இந்த வயதுப் பிள்ளைகள் தங்கள் எண்ணத்தாலேயே காரியங்கள் நடக்கும் என்று நம்புவார்கள், அதனால் ஒருமுறை சொன்னால் போதாது, பல தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று சிஸ்டர் எனக்கும் சொன்னார். அன்றிலிருந்து கேட்கும்போதெல்லாம் சொல்கிறேன். நேற்றுக்கூடக் கேட்டான், சொன்னேன்.

வகுப்பு டீச்சருக்கு நான் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் போன் செய்து, "வீட்ல என்ன வார்த்தை சொல்லியிருக்கீங்கம்மா? நாங்களும் அதையேதான் சொல்லணும்" என்று கேட்டீர்கள். "அப்பா தூங்குறார்னு சொல்லியிருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளைங்க வார்த்தையை அப்படியே எடுத்துக்குவாங்க. தூங்கப் பயப்படுறானா பாருங்கம்மா" என்றீர்கள். அவன் பல நாளாகச் சரியாகத் தூங்கவே இல்லை. 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை என் வாயால் நான் முதலில் சொன்னது உங்களிடம்தான், அந்தப் போனில்தான். அதற்குப் பிறகுதான் அவனிடம் சொல்ல முடிந்தது. அழுதுகொண்டே இருந்தவன் சட்டென்று எழுந்து பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் திகைத்துப்போனேன். பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான், விட்டுவிட்டுத்தான் வரும், விளையாடுவதால் மறந்துவிட்டான் என்று அர்த்தமில்லை என்று சொன்னதும் நீங்கள்தான்.

நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு முன்னால், இறந்தோர் பெயர் எழுதும் ஏட்டில் அவன் அப்பா பெயரையும் எழுதலாமா என்று கேட்டு அனுப்பினீர்கள். கேட்டதற்கே நன்றி. அவனே எழுதினான். அந்த மாதம் முழுவதும் அந்தப் பெயர் சிற்றாலயத்தில் இருந்தது. வீட்டில் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

போன வாரம், ஜனவரி 31 அன்று, பிள்ளைகளுக்காகவே உழைத்த புனிதர் தொன் போஸ்கோவின் திருநாள் முடிந்து வந்து, "அம்மா, அவருக்கும் அப்பா இல்லையாம்!" என்றான். இரவு நான் படித்துப் பார்த்தேன். 1815-இல் பிறந்த அவருக்கு இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை இறந்துவிட்டார். தாய் மார்கரீத்தா தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். 1846-இல் ஊர் வீட்டை விட்டு மகனோடு இத்தாலியின் டூரின் நகருக்குப் போய், போக்கிடமில்லாத பையன்களுக்கும் தாயாக இருந்திருக்கிறார். அந்த அம்மாவைப் பற்றிப் படித்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்கே தெரிய வேண்டும் என்று 1884-இல் ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில் தொன் போஸ்கோ சொல்லியிருக்கிறார். எனக்கு உடனே அந்த நீல நாடா நினைவுக்கு வந்தது.

பள்ளி அறிவிப்புப் பலகையில் 'மேய்ப்புப்பணி' என்ற சொல்லை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான வேதபாட விஷயம், நமக்கில்லை என்று நினைத்திருந்தேன். எங்களை இப்படித் தாங்கிக்கொண்டதற்குத்தான் அந்தப் பெயர் என்று இப்போது தெரிகிறது.

இன்னும் எத்தனை பேர்! கவலைப் பெட்டியில் அவன் போட்ட சீட்டுகளைப் படித்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிய ஆலோசகர், எந்தக் காகிதத்துக்கும் என்னை அவசரப்படுத்தாத அலுவலகத்தார், அமைதி மூலையில் தனக்குப் பிடித்த மெத்தையை அவனுக்கு விட்டுக்கொடுத்த பிள்ளை, வீட்டுக்கே வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போன பங்குத்தந்தை, என் சின்ன மகளைத் தங்கள் பிள்ளைகளோடு அழைத்துக்கொண்டு போன பெற்றோர், நடைபாதையில் பார்க்கும்போதெல்லாம் அவன் தலையைத் தடவிய ஆயாம்மா. ஒவ்வொருவரையும் தேடி வந்து சொல்வேன். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள்.

அடுத்த திங்கள் முதல், வேலைக்குப் போகும் முன் அந்தப் பத்து நிமிடம் நானும் கேட்டருகே நிற்கப்போகிறேன். அழும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயும் போக முடியாமல் வீட்டுக்கும் திரும்ப முடியாமல் ஒரு அம்மாவோ அப்பாவோ நின்றால், அவர்களோடு நிற்பதற்கு. தலைமையாசிரியர் சரி என்று சொல்லிவிட்டார்.

சிஸ்டர், நேற்று ஓடிய ஓட்டத்தில் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டான். மதியம்தான் பார்த்தேன், மேசைமேல் கிடந்தது. பதறிப்போய் உங்களுக்குப் போன் செய்யப் போனேன். அப்புறம்தான் உங்களிடம் இன்னொன்று இருப்பது நினைவுக்கு வந்தது. நாளை கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
இரண்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் பையனின் அம்மா