ஊர்க் கல்லில் அப்பாவின் பெயர்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
1971 போரில் பணியாற்றிய மறைந்த ஹவில்தாரின் மகள்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், வேலூர்.

பொருள்: போருக்குச் சென்ற எங்கள் ஊர்க்காரர்களின் பெயர் பொறித்த கல்லை அரசுப் பள்ளி வளாகத்தில் நட அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அப்பா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். அவர் காலமான பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பழைய கம்பளிக்கு அடியில், 1971 போர்ப் பணிக்காகத் தரப்பட்ட சங்ராம் பதக்கம் இருந்தது. அதன் விளிம்பில் அவர் படை எண்ணும் பெயரும் நுணுக்கமாக வெட்டியிருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நாடு அவர் பெயரைப் பொறித்து வைத்திருக்கிற ஒரே இடம் அந்த விளிம்புதான்.

1971 டிசம்பர் 15 இரவு, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி அகற்றியவர்களில் அப்பாவும் ஒருவர். பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் ஆற்றைத் தாண்ட வேண்டும், அதற்குப் பாதை திறக்க வேண்டும். பாதை முழுசாகத் திறக்கும் முன்பே எதிரி டாங்கிகள் நெருங்கிவிட்டதால், நம் டாங்கிகள் காத்திராமல் உள்ளே இறங்கின. மறுநாள் அங்கே போரிட்டு 21 வயதில் உயிர்விட்ட அருண் கேத்ரபாலுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அப்பா எழுந்து நிற்பார். தன்னைப் பற்றிக் கேட்டால், “மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே போனோம்மா” என்பதோடு சரி. கடைசிவரை, உழுத நிலத்தில் கால் வைக்கும் முன் கைத்தடியால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார்.

ஓய்வு பெற்று வந்த அப்புறம், விடியற்காலை ஏரிக்கரையில் ஊர்ப் பையன்களை ஓடவிட்டு ஆள்சேர்ப்புக்குத் தயார் செய்தார். அப்படிப் போன பதினொரு பேர் இன்று படையில் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் காலத்துக் கல் ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் சொல்லும். ஒரு பெயர்கூட இல்லை. அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இன்று ஊரில் யாருக்கும் தெரியாது. அப்பா தலைமுறைக்கும் அதே கதி வந்துவிடக் கூடாது என்றுதான் இந்த மனு.

முன்பு ஓர் அலுவலகத்தில் இதைக் கேட்டபோது, வீரமரணம் அடைந்தவர்களுக்குத்தான் நினைவுக்கல், திரும்பி வந்தவர்களுக்கு வழக்கமில்லை என்றார்கள். உயிர் கொடுத்தவர்களுக்கே முதல் மரியாதை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பழைய கல்லே சென்றவர்களையும் எண்ணியிருக்கிறதே ஐயா. பெயர் பொறிப்பதும் நம் மண்ணுக்குப் புதிதல்ல. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் கள்வரிடமிருந்து காக்கும் சண்டையில் இறந்த வீரன் கருந்தேவக்கத்தியின் பெயரோடு, கள்வரைக் கடித்த அவன் நாய் கோவிவனின் பெயரும் அதில் உண்டு. 1400 ஆண்டுகள் கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

எனவே பள்ளிக் கொடிக்கம்பத்தின் அருகே, 1962, 1965, 1971, கார்கில் போர்க் காலங்களில் பணியாற்றிய ஊர்க்காரர்களின் பெயர், படைப்பிரிவு, ஆண்டு பொறித்த கல்லை நட அனுமதி தரக் கேட்டுக்கொள்கிறேன். உயிர்நீத்தவர்களின் பெயர்கள் மேலே, மற்றவை கீழே. செலவு முழுவதும் எங்கள் குடும்பங்களுடையது. பெயர்ப் பட்டியலை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகச் சரிபார்த்துத் தரவும் உத்தரவிட வேண்டுகிறேன். கிராம சபைத் தீர்மான நகலும் பணிச் சான்றுகளும் இணைத்துள்ளேன்.

பட்டியலில் உள்ளவர்களில் இரண்டு பெரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது. விரலால் தடவினாலே தெரிகிற மாதிரி எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லியிருக்கிறேன். 1971 போரின் வெற்றி நாளான வருகிற டிசம்பர் 16-க்குள் அனுமதி கிடைத்தால், அவர் கையாலேயே கல்லைத் திறக்க வைப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்