முன் பிரேக் ஏன் பிடிக்கலன்னும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கோத்தகிரில டூவீலர் மெக்கானிக்கா இருக்கேன். மலைப்பாதைல பைக் விபத்துன்னு செய்தி வரும்போதெல்லாம் 'பிரேக் பிடிக்காததால் நிலைதடுமாறி'ன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடறீங்க, ஏன் பிடிக்கலன்னு யாரும் எழுதறதே இல்ல, அதான் இத எழுதறேன்.

சீசன் டைம்ல மேட்டுப்பாளையத்துல இருந்து வர்ற வண்டிய குன்னூர் வழியா ஏத்தி எங்க கோத்தகிரி ரோடு வழியா இறக்கி விடுவாங்க, அதனால இறங்கற கூட்டம் மொத்தமும் எங்க பக்கம்தான். மேல கிளம்பும்போது நல்லா பிடிச்ச முன் பிரேக் வழியில இருக்கற குஞ்சப்பனை வர்றதுக்குள்ள புஸ்ஸுனு போயிடுது, லிவர் நேரா ஹேண்டில வந்து தொடுது. அரைமணி நேரம் ஓரமா நிறுத்தினா மறுபடி டைட் ஆயிடும். ஆளும் சரியாயிடுச்சுன்னு கிளம்பிடுவார், ஊருக்குப் போய் மெக்கானிக்கிட்ட காட்டினா அவரும் ஒரு அமுக்கு அமுக்கிட்டு நல்லாத்தானே இருக்குன்னு அனுப்பிடுவார். (பலா சீசன்ல யானை இறங்கற இடம் வேற அந்த குஞ்சப்பனை, வண்டிய நிறுத்தி பிரேக்க ஆற வைக்கிற இடமா சொல்லுங்க.)

விஷயம் என்னன்னா, லிவர்ல அமுக்கற பிரஷர சக்கரத்துக்கு கொண்டு போற பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கும். டாட் 4ங்கற தரத்துல வர்ற ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஆனா 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா 155 டிகிரி தாங்கினா போதும்னுதான் அந்த ஸ்டாண்டர்டே சொல்லுது. டாட் 3 இன்னும் கம்மி, 205ம் 140ம். ஊருக்குள்ள ஓட்டறப்ப இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கொண்டை ஊசி வளைவுல விடாம பிரேக்க பிடிச்சுட்டே வந்தா சக்கரத்தோட சுத்தற டிஸ்க் சூடாகி, அத கவ்வற பேட் சூடாகி, பேட் உக்கார்ற காலிப்பருக்குள்ள இருக்கற ஆயில் கொதிச்சு ஆவியாயிடும், ஆயில அமுக்கினா பிரஷர் வரும், ஆவிய அமுக்கினா அதுதான் சுருங்கும், பேட்ட தள்ற பிஸ்டன் நகராது. ஆறினதும் ஆவி திரும்ப ஆயில்ல கலந்துடும், பிரேக் வந்துடும், அதனாலதான் கீழ போனப்புறம் யாராலயும் கண்டுபிடிக்க முடியறதில்ல.

இன்ஜின ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல உருட்டிட்டு வர்றாங்களே, அவங்களுக்குத்தான் இது சீக்கிரம் நடக்கும். பெட்ரோல் மிச்சமாம்! இப்ப வர்ற எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம பெட்ரோல ஸ்ப்ரே பண்ற) வண்டில கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர விட்டாலே பெட்ரோல் கட் ஆயிடும், மிச்சம் பண்றதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. செகண்ட் கியர்ல இறங்கினா பாதி வேலைய இன்ஜினே பாத்துக்கும்.

எல்லாத்துக்கும் ஆயில்தான் காரணம்னும் சொல்லல. லிவர நாலு தடவ அடிச்சா டைட்டாகி கொஞ்ச நேரத்துல திரும்ப லூசானா உள்ள ஏர் இருக்கு. ஒரே அமுக்கா பிடிச்சு வெச்சிருக்கும்போதே லிவர் மெதுவா இறங்கிட்டே போனா லிவர்கிட்ட ஆயில அமுக்கற மாஸ்டர் சிலிண்டரோட ரப்பர் சீல் போயிருக்கும், இல்ல எங்கயோ லீக் இருக்கும், காலிப்பர் ஓரத்தயும் ஹோஸ் ஜாயின்ட்டயும் விரலால தடவிப் பாருங்க. ஆயில் லெவல் குறைஞ்சிருக்குன்னு உடனே ஊத்தறதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம், பேட் தேஞ்சாலும் லெவல் இறங்கும், முதல்ல பேட்ட பாக்கணும். ஒருத்தர் இன்ஜின் ஆயில ஊத்தி எடுத்துட்டு வந்தார், ரப்பர் சீலெல்லாம் ஊதிப்போய் மாஸ்டர், காலிப்பர் ரெண்டயும் கழட்ட வேண்டியதாச்சு.

ஏர் எடுக்கறது பெரிய வித்தை இல்ல. காலிப்பர்ல காத்து எடுக்கறதுக்குன்னு இருக்கற நிப்பிள்ல உள்ள தெரியற பிளாஸ்டிக் டியூப மாட்டி மறுமுனைய கொஞ்சம் ஆயில் இருக்கற பாட்டில்ல முக்கணும், லிவர அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பிள கால் சுத்து லூஸ் பண்ணணும், குமிழி வரும், டைட் பண்ணின பிறகுதான் லிவர விடணும், முன்னாடி விட்டா போன காத்து அப்படியே திரும்பிடும். பழைய ஆயில் டிகாக்‌ஷன் மாதிரி கருப்பா வரும், வெளுப்பா வர்ற வரைக்கும் விடாதீங்க, நடுவுல மேல ஹேண்டில்ல இருக்கற ஆயில் டப்பா காலியாகக் கூடாது. இவ்வளவு செஞ்சும் லூசா இருந்தா மாஸ்டர் சிலிண்டர்கிட்ட ஹோஸ் போல்ட்லதான் காத்து நிக்கும், ஹேண்டில திருப்பி மாஸ்டர் மேல வர்ற மாதிரி வெச்சு லிவர ராத்திரி முழுக்க கட்டிப்போடுங்க, காலைல பாருங்க. ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற சிஸ்டம்) யூனிட்டுக்குள்ள ஏர் போயிட்டா சில வண்டிக்கு சர்வீஸ் சென்டர்லதான் எடுக்க முடியும். ஆயில் பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க, ஆனா சூடான டிஸ்க் மேல மட்டும் தண்ணி ஊத்தாதீங்க, வளைஞ்சிடும்.

மே மாசம் ஊட்டி மலர் கண்காட்சி, குன்னூர் பழக்கண்காட்சின்னு தேதி போடுவீங்கல்ல, அதே பக்கத்துல ஒரு ஓரமா இதையும் போட்டா உதவியா இருக்கும்: பிரேக் ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆயிருந்தா மாத்திட்டு மலை ஏறுங்க, மூடி மேல எந்த டாட் போட்டிருக்கோ அதயே ஊத்துங்க. மலையிலயே இருக்கற நம்மாளுங்க வருஷத்துக்கு ஒருதடவ மாத்தினா தேவலை, மழையும் மிஸ்ட்டும் இங்க அப்படி.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக், கோத்தகிரி